சின்னவர் சொல்லாமல் விட்ட ‘வாங்க’

புதிதாக மேற்பார்வை வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

உங்களுக்கு ஆட்களிடம் பழகுவது எப்படி என்று ஹோட்டலில் வைத்துப் பயிற்சி கொடுக்கிறார்களாம். ஏசி அறை, கழுத்தில் பெயர் அட்டை, மத்தியானம் வரிசையில் நின்று தட்டில் போட்டுக்கொள்ளும் சாப்பாடு. நல்லது. முடிந்து வந்ததும் படிப்பதற்கு என்னையும் நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். நாலு பக்கத்தில் அடங்குகிற ஆள் இல்லை நான். இருந்தாலும் முயற்சி செய்கிறேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். ஐந்தாவதில் பாஸா பெயிலா என்று இன்றுவரை தெரியாது. ரிசல்ட் பார்க்கப் போக வேண்டிய அன்று வார்ப்படப் பட்டறையில் மண் சலிக்கச் சேர்ந்துவிட்டேன். மண் சலித்தவன் அச்சு எடுக்கும் மோல்டர் ஆனேன், மோல்டர் மேஸ்திரி ஆனேன், மேஸ்திரி கடைசியில் ஒர்க்ஸ் மேனேஜர் ஆனேன். பி.இ. படித்தவர்கள் என் மேசைக்கு முன்னால் நின்று லீவு கேட்டிருக்கிறார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

மிஷினைப் பற்றி எதுவும் எழுதப் போவதில்லை. மிஷின் கெட்டால் சத்தம் போடும், புகை விடும், எண்ணெய் கக்கும். குருடனுக்கும் தெரிந்துவிடும். நம் ஊர் மனுசன் கெட்டால் அப்படியெல்லாம் ஒன்றும் நடக்காது. மரியாதை கூடும், அவ்வளவுதான். நேற்றுவரை ‘ஏனுங்க’ என்றவர் இன்று ‘சார்’ என்று கூப்பிட்டால், நீங்கள் சந்தோஷப்படக் கூடாது; உட்கார்ந்து யோசிக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எங்கள் சின்னவருக்கு ஒரு கல்யாணம் தேவைப்பட்டது. அவருடைய கல்யாணம் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில், கோவைக்கு வெளியே நாங்கள் மோட்டார் பம்பு செய்துகொண்டிருந்த காலம். கம்பெனியைத் தொடங்கியவரை எல்லோரும் பெரியவர் என்போம். அவர் மகன் வடக்கே போய் நிர்வாகம் படித்துவிட்டுத் திரும்பியிருந்தார். அவர் சின்னவர். பெரியவருக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மகனைக் கூப்பிட்டு, என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“இந்தக் கோடை சீசன் உன்ற கையில. கெணறு வத்தி, மோட்டார் பொகைஞ்சு, குடியானவன் கடைக்கு ஓடியாறப்ப நம்ம பம்பு கடையில இருக்கோணும். இருந்தா கம்பெனி உனக்கு. இல்லீன்னா மாப்பளைகிட்டக் குடுத்துப் போடறேன்.”

மாப்பிள்ளை என்றால் சின்னவருடைய அக்கா வீட்டுக்காரர். கோபிசெட்டிபாளையத்தில் அரிசி மில் வைத்திருந்தார். நெல்லு அரைக்கத் தெரிந்தவனுக்குப் பம்பு என்ன பெரிய விஷயம் என்பது அவருடைய கொள்கை. வாரத்துக்கு ஒரு தடவை கார் போட்டு வருவார். யாராவது ‘வாங்க’ என்று எழுந்தால், “நானென்ன ஒறம்பரையா? நம்ம கம்பெனிக்கு நான் வரக் கூடாதா?” என்று கையமர்த்திவிட்டு, நேராகப் போய் சின்னவரின் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார். சின்னவர் எதிரில் விருந்தாளி நாற்காலியில் உட்காருவார்.

இப்போது மயிலாத்தாளைச் சொல்ல வேண்டும். மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றுகிற வைண்டிங் பிரிவு முழுக்கப் பெண்கள். அவர்களுக்குத் தலைவி மயிலாத்தாள். கம்பெனி ஒற்றைத் தகரக் கொட்டகையாக இருந்தபோதே வந்தவள். சோமனூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து கம்பெனி வேனில் வரும் அத்தனை பெண்களும் அவள் சொன்னதைக் கேட்பார்கள். அவள் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சத்தம் போடுவதற்கு அவளுக்கு அவசியமே வந்ததில்லை. ஒரு புருவத்தைத் தூக்கினாள் என்றால் பிரிவு முழுக்கக் கை வெசையாகும். இறக்கினாள் என்றால் நின்றுவிடும். பெரியவரே அந்தப் பக்கம் போகும்போது செருமிவிட்டுத்தான் போவார்.

சீசனுக்குக் கொஞ்சம் முன்னால் அவள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. முறைப்படி பட்டுச் சேலை கட்டி, விசைத்தறி ஓட்டும் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்கு பழத்தட்டோடு ஆபீசுக்கு வந்தாள். முதலில் என்னிடம் வந்தாள். நான் எழுந்து நின்று இரண்டு பேரையும் தனித்தனியாக ‘வாங்க’ என்று கேட்டு, தட்டிலிருந்த கல்யாணப் பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கினேன். பிறகு சின்னவர் அறைக்குப் போனார்கள். கண்ணாடிச் சுவர் ஆகையால் எனக்கு எல்லாம் தெரிந்தது.

சின்னவர் டீலர் ஒருவரோடு போனில் இருந்தார். இவர்களைப் பார்த்ததும் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். ஒரு நிமிஷம் என்று அர்த்தம். அந்த நிமிஷம் நீளமான நிமிஷம். இருவரும் நின்றார்கள். பிறகு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பத்திரிகையை வாங்கினார், “ஓ, மேரேஜா? வெரி குட்” என்றார், மேசை மேல் தபால் போடும் தட்டில் போட்டார், மறுபடி டீலரிடம் போய்விட்டார். இடது கையில் வாங்காதது ஒன்றுதான் புண்ணியம்.

மயிலாத்தாள் சிரித்த முகமாக வெளியே வந்தாள்.

“சின்னவரு வேலையா இருக்காருங்ணா. நாங்கதான் நேரங்காலம் தெரியாம வந்து தொந்தரவு பண்ணிப்போட்டமுங்க.”

“ஏம் புள்ள, ஒரு வார்த்தை வாங்கன்னுகூட…” என்று வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

“நீங்க பேசாம நடங்க” என்றாள், சிரிப்பு மாறாமல்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்கு ஒறம்பரை, அதாவது விருந்தாளி, வந்தால், அந்த வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் வந்தவரைப் பார்த்து ‘வாங்க’ என்று கேட்க வேண்டும். மாவு பிசைகிறவளும் கேட்க வேண்டும், காய்ச்சலில் படுத்திருப்பவனும் கேட்க வேண்டும். ஒருவர் விட்டுப்போனாலும் வந்தவர் சிரித்துக்கொண்டே காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார், திரும்ப வரமாட்டார். என் மாமியாரை ஒரு கல்யாணத்தில் ஒருத்தி ‘வாங்க’ என்று கேட்கவில்லை. அந்தக் கல்யாணத் தம்பதியின் பிள்ளைக்கு இப்போது பெண் பார்க்கிறார்கள். மாமியார் இன்னும் அந்த வாசலை மிதிக்கவில்லை.

சின்னவரும் இந்த ஊரில் பிறந்தவர்தான். அதனால் சாயங்காலம் நேராகவே சொன்னேன்.

“தம்பி, மயிலாத்தாள ஒரு வார்த்தை வாங்கன்னு கேட்டிருக்கலாமுங்க.”

“அவங்கதான் உள்ள வந்துட்டாங்களே. வந்தவங்களை எதுக்குங்க வாங்கன்னு சொல்லோணும்?”

படிப்பு என்றால் இதுதான்.

“ஊட்டுக்கு வந்தா சொல்லுவனுங்க” என்றார். “இது ஆபீஸ். இங்கயும் மொறை வெச்சுப் பழகுனா நாளைக்கு ஒரு தப்பைத் தட்டிக் கேக்க முடியாது. எல்லாரும் ஒண்ணு. அதுதான் புரொபஷனல்.”

அதிலும் ஒரு நியாயம் இருந்தது. நியாயத்தை வைத்துக்கொண்டு கம்பி சுற்ற முடியாது என்பதுதான் சிக்கல்.

அடுத்த நாளிலிருந்து வைண்டிங் பிரிவில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. யாரும் லேட்டாக வரவில்லை. வேலையில் பழுது இல்லை. ஆனால் முன்பெல்லாம் கம்பிப் பக்கத்திலேயே நின்று ஒரு மடக்கில் டீ குடிப்பவர்கள், இப்போது கேண்டீனுக்குப் போய் உட்கார்ந்து, ஆற வைத்து, மணி அடிக்கும் வரை குடித்தார்கள். சீசன் நெருங்கினால் யாரும் சொல்லாமலே சாயங்காலம் கூட நின்று நாலு மோட்டார் முடித்துக் கொடுப்பவர்கள், மணியின் முதல் சத்தத்திலேயே கையைத் துடைத்தார்கள். கேட்டால், “வேன்காரரு காத்துட்டு இருப்பாருங்க சார்.”

இதைவிட அழகு காலையில். சின்னவர் பிரிவுக்குள் நுழைந்ததும் மயிலாத்தாள் கம்பியை விட்டுக் கையெடுத்து எழுந்து நிற்பாள். “வாங்க சார்.” அடுத்தவள் எழுவாள். “வாங்க சார்.” அதற்கடுத்தவள். கடைசிப் பெண் வரை ஒவ்வொருத்தியாக எழுந்து, கேட்டு, உட்கார்ந்து, விட்ட சுற்று எது என்று தேடி எடுக்கக் காலையில் பாதி போய்விடும். சின்னவருக்கு மகா சந்தோஷம்.

“பாத்தீங்களா, எவ்வளவு டிசிப்ளின்! நீங்க என்னமோ கோவிச்சுட்டாங்கன்னீங்க.”

“இது டிசிப்ளின் இல்லீங் தம்பி. பாடம் நடத்தறாங்க.”

அவர் நம்பவில்லை. அன்றாடம் முடிகிற மோட்டார்க் கணக்கு மட்டும் இறங்கிக்கொண்டே போனதால் படித்ததையெல்லாம் எடுத்து விட்டார். யோசனைப் பெட்டி ஒன்று மாட்டினார். குறைகளைப் பெயர் போடாமல் எழுதிப் போடலாம் என்றார். பெட்டி நிறைந்தது. எல்லாச் சீட்டிலும், வேறு வேறு கையெழுத்தில், “நல்லா இருக்கறமுங்க.” பிறகு நகரத்திலிருந்து ஊக்கம் கொடுக்கும் ஆசிரியர் ஒருவர் வந்தார். பெண்களுக்குப் பலூன் கொடுத்து ஊதச் சொன்னார். உங்கள் கோபத்தையெல்லாம் இதில் ஊதி வெடியுங்கள் என்றார். ஊதினார்கள். ஒருத்தியும் வெடிக்கவில்லை. பத்திரமாக முடி போட்டு வீட்டுக்குப் பிள்ளைகளுக்கு எடுத்துப் போனார்கள்.

டீலர்கள் போனில் கத்த ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை வாரத்துக்கு இரண்டு தடவை வர ஆரம்பித்தார். நாற்காலியில் சுற்றுவதோடு நிற்காமல், மேசையைக் கிழக்குப் பார்த்துப் போட்டால் என்ன என்று கேட்டார். அன்றுதான் சின்னவர் என்னிடம் வந்தார். முகத்தில் தூக்கமில்லை.

“கூப்பிட்டு சாரி சொல்லிப் போடட்டுங்களா?”

“சொன்னீங்கன்னா, ‘அய்யோ, எதுக்குங்க சார்?’ம்பா. அதோட கதவைச் சாத்திப்போடுவா. கல்யாணத்துக்குப் போலாம் வாங்க. கூப்புட்டவ வாயில வாங்கன்னு வாங்கீட்டு, ஒரு வாய் சாப்புட்டு வந்தாச் செரியாப் போயிரும்.”

இந்த யோசனையைப் பெரியவரிடம் சொன்னோம். அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, “போ. ஆனா அவ கேக்கற வரைக்கும் நில்லு. கேக்காம பந்தியில போயி உக்காந்தயின்னா இருக்கற கொஞ்ச மானமும் போயிரும்” என்றார்.

சோமனூர் மண்டபத்து வாசலில் சந்தனம், கல்கண்டு, பன்னீர்ச் செம்பு வைத்த மேசை. மேசைக்குப் பின்னால் மயிலாத்தாளின் தம்பி. “வாங்க வாங்க” என்று வாய் நிறையக் கேட்டார்.

“முடிஞ்சுதுங்களா?” என்றார் சின்னவர் என் காதில்.

“இல்லீங். கூப்புட்டவங்க கேக்கோணும்.”

மயிலாத்தாள் உள்ளே, கூப்பிடு தூரத்தில், யாரோ உறவுக்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பிறகு ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தாள்.

சின்னவர் முகம் செத்துவிட்டது.

“எத்தன நேரம் நிக்கோணுமுங்க?”

“அவங்க போன் பேசி முடிக்கற வரைக்கும்” என்றேன்.

நின்றோம். பந்தியிலிருந்து பருப்பு தாளிக்கிற வாசம் வந்தது. எனக்குப் பசி தாங்காது. கல்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். உள்ளே மேடையில் தாய்மாமன் சீர் ஆரம்பமாகி, மேசையில் நின்ற தம்பியைக் கூப்பிட்டார்கள். அவர்தானே தாய்மாமன். ஓடினார். மயிலாத்தாளும் சீர்த்தட்டைக் கையில் ஏந்தி மேடைக்குப் போய்விட்டாள். சீர் முடியும் வரை தட்டைக் கீழே வைக்கக் கூடாது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது. வெள்ளகோவிலிலிருந்து கல்யாண மாப்பிள்ளை வீட்டுப் பெரிய தலைகள். காலையிலேயே வந்திருக்க வேண்டியவர்கள், வழியில் டயர் போய்த் தாமதம். வெயிலில் வெந்து இறங்கினார்கள். முன்னால் தோளில் துண்டு போட்ட வயசாளி ஒருவர், மாப்பிள்ளைப் பையனின் பெரியப்பா. வாசல்படியில் காலை வைக்காமல் நின்றார். மேசைக்குப் பின்னால் ஆளில்லை.

“ஏனுங்க, பொண்ணூட்டுக்காரங்க ஆருமே இல்லீங்களா? நாம மண்டபம் மாறி வந்துட்டமா?”

பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: “மாறியெல்லாம் வரலீங்க மாமா. வாங்கன்னு கேக்கறதுக்குக்கூட நாதியில்லாத ஊட்டுல பொண்ணெடுக்கறமுங்க. பஸ்ஸைத் திருப்பச் சொல்லுங்க.”

பஸ்ஸைத் திருப்பிவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கும் குறைந்த காரணத்துக்குத் திருப்பியிருக்கிறார்கள். மேடையில் மயிலாத்தாள் திரும்பிப் பார்த்தாள். அவளால் நகர முடியாது. தட்டு கையில். அத்தனை வருஷத்தில் அவள் முகத்தில் பயத்தை நான் அன்றுதான் பார்த்தேன். ‘வாங்க’ என்று நான் கேட்டிருப்பேன். வாய் நிறையக் கல்கண்டு.

சின்னவரும் அந்த முகத்தைப் பார்த்தார். அப்புறம் அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய், படி இறங்கி, வெயிலில் நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

“வாங்க. வாங்க. வாங்கம்மா. அம்மிணி, வாங்க. வெயில்ல வந்திருக்கறீங்க, உள்ள வாங்க. ஏனுங்க, பஸ்ஸு எங்க நின்னுபோச்சு?”

“பல்லடத்துலீங்க” என்றார் பெரியப்பா, இறுக்கம் தளர்ந்து. ஒரு காலைப் படியில் வைத்தார்.

பஸ்ஸில் வந்த ஒருவரையும் சின்னவர் விடவில்லை. ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து ஒவ்வொரு ‘வாங்க’. பஸ்ஸைத் திருப்பச் சொன்ன அம்மாளுக்கு இரண்டு. இடுப்புக் குழந்தையிடம், “வாங்க கண்ணு.” சந்தனக் கிண்ணத்தை அவரே எடுத்து நீட்டினார். பெரியப்பா சந்தனத்தைத் தொட்டபடி கேட்டார்:

“தம்பி பொண்ணுக்கு என்ன மொறைங்க?”

நான் கல்கண்டை விழுங்கினேன். முதலாளி என்று சொன்னால், பெண் வீட்டில் வரவேற்க ஆளே இல்லை என்றாகி எல்லாம் கெட்டது. சின்னவர் ஒரு கணம் யோசித்தார்.

“இந்த ஊட்டு ஆளுங்க” என்றார்.

சீர் முடிந்ததும் மயிலாத்தாள் நேராக வாசலுக்கு வந்தாள். சின்னவர் அதற்குள் அடுத்த வேனுக்குக் கைகூப்பிக்கொண்டிருந்தார். தொண்டை கட்டிவிட்டது. அவர் முன்னால் வந்து நின்று, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு சொன்னாள்:

“வாங்க சின்னவரே. நிக்க வெச்சுட்டமுங்க. பந்திக்கு வாங்க.” என் பக்கம் திரும்பினாள். “நீங்களும் வாங்ணா. கல்கண்டை அவங்களுக்கும் கொஞ்சம் வெய்யுங்க.”

இரண்டு பக்கமும் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அதற்கு ஒரு பதில் பேச வேண்டியிருக்கும். பந்தியில் அவளே ஒப்புட்டு, அதுதான் இனிப்புப் போளி, எடுத்து வைத்தாள். சின்னவர் வேண்டாம் என்றார். இன்னொன்று வைத்தாள். அவ்வளவுதான். வாசலில் அவர் ‘வாங்க’ கேட்டதும் சேர்த்து யோசனை முழுக்க என்னுடையது என்றுதான் நான் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். சின்னவர் மறுத்ததில்லை. அவர் நல்ல மனுசர்.

கல்யாணக் களைப்பெல்லாம் தீர்ந்து மயிலாத்தாள் வேலைக்குத் திரும்பிய அன்று காலை, சின்னவர் என் அறைக்கு ஓடி வந்தார்.

“மறுபடியும் என்னமோ ஆயிப்போச்சுங்க. நான் உள்ள போறேன், ஒருத்தரும் எந்திரிக்கல. ஒருத்தரும் வாங்கன்னு சொல்லல. தலையக்கூட நிமுத்தலீங்க!”

அவரைக் கூட்டிக்கொண்டு வைண்டிங் பிரிவுக்குப் போனேன். உண்மைதான். யாரும் எங்களைப் பார்க்கவில்லை. கம்பி ஓடும் சத்தம் மட்டும். அந்தச் சத்தம் அந்த வேகத்தில் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. டீத்தம்ளர்கள் கம்பிப் பக்கத்திலேயே இருந்தன. மயிலாத்தாள் குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்:

“ஏனுங் சின்னவரே, நடுவழியில நிக்காம சித்த அக்கட்டால போங்க. கம்பி வண்டி போகோணும்.”

சின்னவர் அந்தப் பக்கமாக ஒதுங்கிச் சுவரோரம் நின்று என்னைப் பார்த்தார்.

“ஒறம்பரையத்தான் தம்பி வாங்கன்னு கேப்பாங்க” என்றேன். “ஊட்டு ஆள ஆரு கேப்பாங்க?”

அன்று சாயங்காலம் மணி அடித்தது. வேன்காரர் ஹாரன் அடித்தார். யாரும் கையைத் துடைக்கவில்லை. வேன்காரர் இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பீடி பற்ற வைக்கப் போய்விட்டார். முதல் கிணறு வற்றுவதற்குள் பம்புகள் கடைக்குப் போய்விட்டன.

அந்த வாரமும் மாப்பிள்ளை கார் வந்தது. வழக்கம்போலச் செருப்புச் சத்தத்தோடு விடுவிடுவென்று நாற்காலியைப் பார்த்து நடந்தார். சின்னவர் எழுந்தார். அறையை விட்டு வெளியே வந்து, வாசல்வரை எதிர்கொண்டு போய், இரண்டு கையையும் கூப்பினார்.

“வாங்க மச்சான், வாங்க. வாங்க.”

மாப்பிள்ளை நின்றுவிட்டார். அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தானே. சின்னவர் முகத்தைப் பார்த்தார், கூப்பிய கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து விருந்தாளி நாற்காலியில் உட்கார்ந்து, காப்பியை மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, நல்லபடியாகச் சொல்லிக்கொண்டு கிளம்பினார்.